கூத்துக்காரருக்குப் பகலில் ஒரு நிழலிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்துவிட்டால் மாவட்டச் செய்திப் பக்கங்களில், திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவின் முடிவில் நடக்கும் படுகளத்தின் படம் வரத் தொடங்கிவிடும். மல்லாந்து கிடக்கும் துரியோதனன் மண் உருவம், சுற்றிலும் கூட்டம், மாலையில் தீமிதி. அதற்கு முந்தைய பத்து இரவு தெருக்கூத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பத்துப் பகல்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கூத்து முன்புபோல் இல்லை என்று சொல்கிறார்களே, அந்தக் குறையில் பாதி பகலில் நடக்கும் ஏற்பாட்டுக் கோளாறு. விழாக் குழுவினர் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

செய்யாறு, வந்தவாசி, சேத்துப்பட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கூத்து மட்டும் எட்டிலிருந்து பத்து இரவு நடக்கும். திரௌபதி சுயம்வரக் கதையான வில் வளைப்பில் தொடங்கி, துரியோதனன் வீழும் பதினெட்டாம் போரில் முடியும். வைகாசியில் ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு, மூன்று ஊருக்குத் தாம்பூலம் வாங்கி ஒப்புக்கொண்டிருந்தால் மாதம் முழுக்கப் போய்விட்டது. இங்கே காலையில் தர்மர் பட்டாபிஷேகம், அன்றிரவே அடுத்த ஊரில் வில் வளைப்பு. வெளியூரில் வேலை செய்பவர்கள் வந்து சேரவேண்டும் என்பதால் படுகளத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கவே பல ஊர்கள் விரும்புகின்றன. அதனால் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஜமாவை நடத்தும் வாத்தியார் அதை இரண்டாகப் பிரித்து, மீதிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறார். வந்தவர் வேறு வாத்தியாரிடம் பாடம் படித்தவர். அவர் விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர் எடுக்கமுடியாமல் திணறுவதைக் கூட்டம் உடனே கண்டுபிடித்துவிடும். பக்கத்து ஊர்க் குழுக்கள் பங்குனியிலேயே பேசி, ஒரே ஜமாவை அழைப்பதானால் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கட்டை வேடம், அதாவது மர அணிகள் பூட்டும் வேடம், போடுகிறவருக்கு இரவு ஏழரைக்குள் சாப்பாடு முடியவேண்டும். முகம் எழுதி, சலங்கை கட்டி, வைக்கோல் பிரி வைத்துப் பாவாடை உடுத்தி, புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கிரீடமும் கயிற்றால் இறுக்கி முடிக்க இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அந்தக் கயிற்றை இறுக்கினால் மூச்சு பிடிக்காது, உச்சத்தில் பாட்டும் நிற்காது. தளர்த்திக் கட்டினாலோ சுற்றி ஆடும்போது புஜக்கட்டை தோளைவிட்டு இறங்கிவிடும். பத்து மணிக்குப் பந்தி போட்டு, “சாப்பிட்டுவிட்டு வேஷம் கட்டுங்கள்” என்று உபசரிப்பது அன்புதான். ஆனால் கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன், ஆடுமிடமான களரிக்கு வரவே நள்ளிரவாகிவிடும்.

தூக்கத்துக்கு வருவோம். ஆறு மணிக்குக் கூத்து முடிகிறது. எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்து, குளித்துப் படுக்க எட்டாகிறது. படுக்கக் கிடைப்பது பெரும்பாலும் கோயில் மண்டபம். கோயில் ஒலிபெருக்கி அதன் கூரைமேலேயே கட்டியிருக்கும், பகலெல்லாம் பக்திப் பாட்டு. மதியம் இரண்டு மணிக்குப் பிரசங்கம் அதே மைக்கில் தொடங்கும். இப்படி நான்கு நாள் போனால் ஐந்தாம் இரவு ஸ்திரீ வேஷக்காரருக்குத்தான் முதலில் தொண்டை கட்டும், ஏனென்றால் மேல் ஸ்தாயியில் அதிகம் பாடுபவர் அவர். கோயிலிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூட அறையோ, ஆளில்லாத வீடோ, இரண்டு மின்விசிறியோடு கொடுத்தால் போதும். குளிக்கத் தண்ணீர் வேண்டும். சோப்புக்கு முன்னால் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்காவிட்டால் வண்ணம் தோலில் ஊறி எரியும்.

படுகள நாள்தான் எல்லாவற்றிலும் கடினம். பதினெட்டாம் போர் இரவு முழுக்க ஆடிய அதே பீமனும் துரியோதனனும் திரௌபதியும் வேடம் கலைக்காமல் விடிந்ததும் படுகளத்துக்கு வரவேண்டும். துடையில் அடித்து, திரௌபதி கூந்தல் முடிக்கும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். முந்தின இரவு எட்டு மணிக்கு எழுதிய முகம், பதினைந்து மணி நேரம் கழித்தும் அப்படியே இருக்கிறது. கட்டைக்கும் பாவாடைக்கும் உள்ளே வியர்வை காய வழியில்லை. மயக்கம் வருவது இங்கேதான். பார்ப்பவர்களோ அருள் வந்துவிட்டது என்று கற்பூரம் ஏற்றி முகத்துக்கு நேரே காட்டுகிறார்கள். மண் உருவத்தைச் சுற்றிப் பத்தடிக்குக் கயிறு கட்டுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் பீமன் கதாயுதத்தைச் சுழற்றும் எல்லைக்குள் வந்து நிற்கிறார்கள். தலைமாட்டுப் பக்கம் ஒரு கீற்றுப் பந்தல் போடுங்கள். நீர்மோர் உப்புப் போட்டுத் தயாராக இருக்கட்டும். அன்றிரவு அந்த மூவருக்கும் வேறு வேலை வைக்கவேண்டாம்.

அர்ச்சுனன் வேடக்காரர் தவக் காட்சிக்காக ஏறும் தபசு மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். விடியற்காலையில் ஏறும் ஊரும் உண்டு, பகலில் ஏறும் ஊரும் உண்டு. எதுவானாலும் நடிகர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி நின்று ஏறுகிறார். ஆக, படியாக அடித்த ஒவ்வொரு குச்சியும் அவர் எடையை நெடுநேரம் தாங்கவேண்டும். போன ஆண்டுத் துளையிலேயே குச்சியை அடிப்பது கூடாது, காய்ந்த மரத்தில் அது ஆடும். மரம் நட்ட குழியைக் கல் போட்டு இடித்து, மூன்று பக்கம் வடக்கயிறு இழுத்துக் கட்டி, முந்தின நாளே ஓர் ஆள் ஏறிப் பார்க்கட்டும். இரவில் கோடை மழை பெய்தால் காலையில் குழியை மறுபடி இடிக்கவேண்டும்.

நேரத்துக்கு வருவோம். ஒலிமாசு விதிகள் 2000-இன்படி பொது இடத்தில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். விடியவிடிய ஆடும் கூத்துக்கு இது போதாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைப் பதினோரு மணிக்குக் காவலர் வந்த பிறகு வாத்தியாரிடம் சொல்வதில் என்ன பயன்? கர்ண மோட்சத்தில் கர்ணன் மனைவி பொன்னுருவியின் தர்க்கமே இரண்டு மணி நேரம் போகும். கர்ணன் சாய்வது கடைசியில். திடீரென்று “சுருக்குங்கள்” என்றால் சாவும் புலம்பலும்தான் வெட்டுப்படுகின்றன, சனங்கள் காத்திருப்பதோ அதற்குத்தான். ஒரு மாதம் முன்பே சொன்னால் விருத்தங்களைக் குறைத்து, கட்டியங்காரன் வேடிக்கையைப் பாதியாக்கி, ஏழு மணிக்கே தொடங்கி நான்கைந்து மணி நேரத்துக்குள் கதையை ஒழுங்காக முடிக்க முடியும். அன்றைய இரவில் பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சியை மட்டும் வைக்காதீர்கள். அதற்கு ஒரு மணி நேரம் போகிறது.

மைக்கை நடுக்களரியில் கம்பத்தில் நிறுத்தினால் ஆட்டம் போயிற்று, நடிகர் அதைவிட்டு அகலமாட்டார். குறுக்கே கயிறு கட்டி, தலைக்கு மேலே இரண்டு மைக் தொங்கவிடுவதே சரி. சட்டையில் குத்தும் மைக் கட்டையில் இடித்துப் படபடக்கும். குழாய் ஒலிபெருக்கிகள் களரிக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கவேண்டும். பின்னால் கட்டினால் விடியும்வரை வீறிடும். வெள்ளை எல்இடி விளக்கு வேண்டாம். கிருஷ்ணன் முகத்துப் பச்சை சாம்பலாகத் தெரியும், கட்டையில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் கண்ணைக் கூசவைக்கும், பூச்சிகள் பாடுகிறவர் வாயில் போகும். மஞ்சள் விளக்கில் பூச்சி குறைவு. சிமென்ட் மேடையைவிட மண் தரை முழங்காலுக்கு நல்லது. கல், முள் பொறுக்கித் தண்ணீர் தெளித்தால் போதும்.

கட்டைகள் கல்யாண முருங்கை மரம். வியர்வையோடு பெட்டியில் அடைத்தால் கயிறு மக்கும், கண்ணாடி உதிரும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். நிழலில் பரப்ப ஒரு திண்ணை கொடுத்தால், இரவில் ஒட்டுப்போடும் வேலை மிச்சம். அந்தத் திண்ணையிலேயே மத்தளக்காரரும் மத்தளத்தின் ஒரு பக்கமான தொப்பியில் ஒட்டிய ரவை மாவைச் சுரண்டி எடுத்துவிடுவார்.

கூலி விஷயம் சுருக்கமானது. பத்து இரவுக்குப் பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாம்பூலத்தோடும், இன்னொரு பங்கை ஐந்தாம் இரவும், மீதியைப் பட்டாபிஷேகத்தன்று வேன் கிளம்புவதற்கு முன்பும் கொடுத்துவிடுங்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி வசூலாகவில்லை என்று ஆடிக்குத் தள்ளினால், அந்தப் பணத்தை வாங்க வாத்தியார் திரும்பி வரவேண்டும். ஆடியில் மாரியம்மன் கோயில் கூத்துகள் தொடங்கிவிடுகின்றன.

இப்படிக்கு,
தெருக்கூத்துக் கலைஞர்கள் சிலர்,
செய்யாறு வட்டம்.