வெளிநாட்டுச் சட்டப் பயிற்சியாளர்களை ஏற்கும் அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிறநாட்டுச் சட்ட மாணவர்களையும் பயிற்சி வழக்கறிஞர்களையும் உள்ளகப் பயிற்சிக்கு ஏற்கும் சட்ட நிறுவனங்களின் பங்குதாரர்களுக்கும், பன்னாட்டு நீதிமன்றங்களின் பதிவகங்களுக்கும், மனித உரிமை அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சட்டக் கல்வியில் பணியாற்றுபவன் என்ற முறையில் ஒரே ஒரு வேண்டுகோளை உங்கள்முன் வைக்கிறேன். பயிற்சி பெற ஒருவரைத் (இம்மடலில் பயிற்சியாளர் என்பது அவரையே குறிக்கும்) தேர்ந்தெடுத்திருப்பதாக அறிவிக்கும்போதே, அவர் செய்யப்போகும் வேலை, மேற்பார்வையிடும் வழக்கறிஞர், வேலை நேரம், கிடைக்கும் அல்லது கிடைக்காத பணம் ஆகியவற்றைத் தெளிவாகக் கூறும் பயிற்சி ஒப்பந்தம் ஒன்றையும் கையொப்பமிட்டு அனுப்புங்கள். வரவேற்பதில் மகிழ்ச்சி என்று இரண்டு வரியில் வரும் மின்னஞ்சலை நம்பி, ஓர் இளைஞர் ஒரு பருவப் படிப்பைத் தள்ளிவைத்து, கடன் வாங்கிப் பயணச்சீட்டு எடுத்து, தெரியாத நாட்டுக்குப் புறப்படும் நிலை இன்றும் இருக்கிறது. எழுத்தில் எதுவும் பெறாமல் ஒரு கட்சிக்காரர் இவ்வளவு பணத்தைச் செலவிட்டு வந்து நின்றால் அவரை நாம் எப்படிக் கடிந்துகொள்வோம் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த ஒப்பந்தம் நான் புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. குடிவரவுச் சட்டங்கள் பலவும் அதை ஏற்கெனவே கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் இயற்றிய 2016/801 எண் கொண்ட நெறியாணை (உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் நிறைவேற்ற வேண்டிய ஒன்றியச் சட்டம்), ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயிற்சிக்கு வருபவர் தம்மை ஏற்கும் அமைப்புடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும் என்கிறது; பயிற்சித் திட்டம், கால அளவு, மேற்பார்வை, வேலை நேரம், இரு தரப்புக்கும் இடையிலான சட்ட உறவு ஆகியவை அதில் விவரிக்கப்பட வேண்டும். பரிமாற்றத் திட்டங்களில் வருபவர்களுக்கு அமெரிக்கா தரும் ஜே-1 விசாவுக்கும், பயிற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கற்பிக்கப்படும் என்று விளக்கும் திட்டப் படிவத்தைப் பயிற்சியாளரும் ஏற்கும் நிறுவனமும் கையொப்பமிட்டுத் தர வேண்டியிருக்கிறது. இங்கே காலக்கெடு ஒன்று ஒளிந்திருப்பதைப் பல அலுவலகங்கள் கவனிப்பதில்லை. ஐரோப்பிய நெறியாணையின்படி விண்ணப்பதாரர் படித்துக்கொண்டிருப்பவராகவோ இரண்டு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். ஜே-1 விசாவின் இன்டர்ன் பிரிவில் வருபவர் பட்டம் பெற்று 12 மாதங்களுக்குமேல் ஆகியிருக்கக் கூடாது. உங்கள் மனிதவளத் துறை ஒரு கையொப்பத்துக்காகத் தாளை மேசையில் கிடத்தியிருக்கும் வாரங்களில் அவருடைய தகுதியே காலாவதியாகிவிடலாம்.

இனி, பயிற்சியாளருக்குத் தரப்படும் வேலையைப் பற்றிப் பேசுகிறேன். என் கவலையில் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான். வெளிநாட்டுப் பயிற்சியாளர் உங்கள் நாட்டில் வழக்கறிஞராகப் பதிவுபெற்றவர் அல்லர். அவர் நீதிமன்றத்தில் முன்னிலையாக முடியாது, கட்சிக்காரருக்குத் தம் பொறுப்பில் ஆலோசனை சொல்லவும் முடியாது. சொன்னால், உரிமமின்றித் தொழில் செய்த குற்றச்சாட்டு அவரோடு உங்களையும் சேரும். இந்த வரம்பைக் காரணம் காட்டித்தான் அவரிடம் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்யவும், வரைவுகளில் எழுத்துப்பிழை திருத்தவும், சில சமயம் ஊதியமில்லாத மொழிபெயர்ப்பாளராக உட்காரவும் சொல்கிறார்கள். அவ்வேலைகள் இழிவானவை என்று நான் சொல்லவில்லை. ஒரு வாரம் செய்தால் அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று புரியும். மூன்று மாதம் செய்தால் அதற்கு விமானம் ஏறி வந்திருக்கத் தேவையில்லை என்பதும் புரியும்.

அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை உங்கள் மேசையிலேயே இருக்கிறது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட நடுவர்கள் அளிக்கும் தீர்ப்புகளை, நிறைவேற்றுவது பற்றிய 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஐந்தாம் உறுப்பு, தம் நாட்டின் பொதுக்கொள்கைக்கு (சட்ட ஒழுங்கின் அடிப்படை நெறிகளுக்கு) முரணான நடுவர் தீர்ப்பை நிறைவேற்ற மறுக்கும் உரிமையை நீதிமன்றங்களுக்கு வழங்குகிறது. பொதுக்கொள்கை என்றால் என்ன என்பதை ஒவ்வொரு நாட்டு நீதிமன்றமும் தன் போக்கில்தான் விளக்கிவருகிறது. எதிர்த்தரப்பின் சொத்துகள் உங்கள் பயிற்சியாளரின் நாட்டில் இருந்தால், அந்நாட்டுத் தீர்ப்புகளை மூலமொழியில் படித்து, எந்த வாதம் அங்கே எடுபட்டது, எது தள்ளுபடியானது என்று பத்துப் பக்கக் குறிப்பு எழுத அவரைவிடப் பொருத்தமானவர் உங்கள் அலுவலகத்தில் இருக்க வாய்ப்பில்லை. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளின் சட்டத்தொகுப்பு மரபில் படித்தவர் ஒப்பந்தத்தில் நன்னம்பிக்கை, அதாவது நேர்மையாக நடந்துகொள்வது, என்ற கடப்பாட்டை இயல்பாக எதிர்பார்ப்பார். இங்கிலாந்துப் பொதுச்சட்ட மரபில் படித்தவர் அது எந்தப் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவார். இருவரும் ஒரே வரைவைப் படித்துக் கேள்வி எழுப்பினால் அந்த வரைவு மேம்படும். இத்தகைய குறிப்புகளை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் சரிபார்த்துத் தம் பெயரில் ஏற்றுக்கொண்டால் உரிமச் சிக்கலும் எழாது. அதனால்தான் மேற்பார்வையாளரின் பெயரை ஒப்பந்தத்தில் கேட்கிறேன். பெயர் குறிப்பிடாத மேற்பார்வை நடைமுறையில் யாருடைய பொறுப்பாகவும் இருப்பதில்லை.

இரகசியக் காப்பும் நலன் முரண்பாடும் இதே தாளில் இடம்பெற வேண்டும். பயிற்சி முடிந்து ஊர் திரும்புபவர், நீங்கள் நடத்தும் வழக்கின் எதிர்த்தரப்புக்காக வாதாடும் நிறுவனத்திலேயே வேலைக்குச் சேரக்கூடும். எந்தெந்த விவகாரங்களில் அவர் பணிபுரிந்தார் என்ற பட்டியலை யார் வைத்திருப்பது, வருங்கால முதலாளியிடம் அதில் எவ்வளவு சொல்லலாம், கட்சிக்காரரின் ஆவணங்களைச் சொந்த மடிக்கணினியில் திறக்கலாமா என்ற கேள்விகளுக்குச் சேரும் நாளிலேயே விடை கிடைக்க வேண்டும். தவறு நடந்தபின் விதியை நினைவூட்டினால், அதற்கான விலையைத் தொழில் வாழ்க்கையைத் தொடங்கவிருப்பவரே கொடுக்க நேரிடும்.

பணத்தைப் பற்றிப் பேசுவது நம் தொழிலில் நாகரிகமற்றதாகக் கருதப்படுகிறது, மணிக்கணக்கில் கட்டணம் விதிக்கும் தொழிலாக இருந்தும். ஐநா செயலகம் தன் பயிற்சியாளர்களுக்கு ஊதியம் தருவதில்லை. 2015இல் ஜெனீவாவில் ஐநா பயிற்சியாளர் ஒருவர் கூடாரத்தில் தங்கியிருந்த செய்தி உலகெங்கும் பரவியது. கவனத்தை ஈர்ப்பதும் தம் நோக்கமாக இருந்ததாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அதனால் ஊதியமின்மை பொய்யாகிவிடவில்லை. தி ஹேகில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்தின் இளம் சட்டப் பட்டதாரிகளுக்கான திட்டத்தில், பரிந்துரைக்கும் பல்கலைக்கழகமே செலவை ஏற்க வேண்டும் என்ற விதி, வசதியுள்ள பல்கலைக்கழகங்களுக்கே பெரும்பாலும் கதவைத் திறந்துவைத்தது. வளரும் நாடுகளின் பல்கலைக்கழகங்களிலிருந்து வருவோருக்கு உதவ ஓர் அறக்கட்டளை நிதியை 2020 டிசம்பரில் ஐநா பொதுச்சபை ஏற்படுத்தியது அதற்குப் பிறகுதான். 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் குறைதீர்ப்பாளர், ஒன்றியத்தின் வெளிநாட்டுத் தூதுக்குழுக்கள் ஊதியமின்றிப் பயிற்சியாளர்களை வைத்திருந்ததை நிர்வாகச் சீர்கேடு என்றே கூறினார். லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றியத்தின் நீதிமன்றமோ தன் பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. ஜெர்மனியில் சட்டத் தொழிலுக்கான அரசின் கட்டாயப் பயிற்சியில் இருப்பவர், இடத்தைத் தாமே தேர்ந்தெடுக்கும் அதன் விருப்பக் கட்டத்தை வெளிநாட்டில் கழிக்கும்போதும் மாநிலம் தரும் மாதத்தொகையைப் பெற்றுக்கொண்டே வருகிறார். அப்படி ஒரு மாநிலம் பின்னால் இல்லாதவர் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அதே வேலையைச் சேமிப்பைக் கரைத்துச் செய்கிறார்.

சிறிய மனித உரிமை அமைப்புகளிடம் கொடுப்பதற்குப் பணம் இல்லாமலிருக்கலாம். அவர்கள் அதை விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் வணிகச் சட்ட நிறுவனத்துக்கு இந்தச் சலுகையை என்னால் தர முடியவில்லை. பயிற்சியிடம் வாங்கித்தருவதாகக் கூறி மாணவரிடம் கட்டணம் வசூலிக்கும் இடைத்தரகர்களை உங்கள் பெயரைப் பயன்படுத்த விடாதீர்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

கடைசியாகச் சான்றிதழ். இங்கிலாந்து, வேல்ஸில் 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, சொலிசிட்டராக (அங்குள்ள வழக்கறிஞர் வகைகளில் ஒன்று) விரும்புபவர் இரண்டு ஆண்டுத் தகுதிப் பணி அனுபவத்தை நான்கு அமைப்புகள் வரை பிரித்துப் பெறலாம்; வெளிநாட்டில் செய்த பணியும் கணக்கில் வரும். ஆனால் அந்த அனுபவத்தை உறுதிசெய்யும் தகுதி அந்நாட்டுச் சொலிசிட்டருக்கோ, அங்கு ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனத்தில் விதிகள் பின்பற்றப்படுவதைக் கண்காணிக்கும் இணக்க அலுவலருக்கோதான் உண்டு. அப்படி ஒருவர் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறாரா என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால், பயிற்சி முடிந்தபின் கையொப்பம் தேடி அலைய வேண்டியிராது. வேறு நாட்டு வழக்கறிஞர் மன்றத்திடம் சான்று காட்ட வேண்டியவருக்கும், ஆர்வத்துடன் பணியாற்றினார் என்ற பொதுவான பாராட்டைவிட, செய்த பணிகளையும் நாட்களையும் குறிப்பிட்ட ஒரு பக்கம் அதிகம் உதவும்.

ஆகவே அடுத்த பயிற்சிக் காலத்துக்கான அறிவிப்பை வெளியிடும்போது அதனுடன் ஒப்பந்தத்தின் மாதிரியையும் வெளியிடுங்கள். அதைப் படித்துப் பார்த்து விண்ணப்பிக்கலாமா என்று மாணவர் முடிவுசெய்துகொள்வார். அவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதலாமா என்று நானும் முடிவுசெய்துகொள்வேன்.

இப்படிக்கு,
சட்ட ஆசிரியர் ஒருவர்