கதவைத் தட்ட வைத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

இறுதிப் பருவத் தேர்வு முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். வாழ்த்தியவர்கள் எல்லோரும் "எல்லாம் உன் உழைப்பு" என்றார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கு உரியவர்களுக்கு இந்த மடல்.

முதலில் ஆலோசகர் அம்மா, உங்களுக்கு. முதல் ஆண்டில் உங்களிடம் வந்தபோது தலைவலி என்றுதான் சொன்னேன். உண்மையில், வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் யாரோ உள்ளே வந்து, "சேர்க்கைப் பட்டியலில் தவறு நடந்துவிட்டது, எழுந்திரு" என்று சொல்லப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்லத்தான் அதைச் சொல்ல முடிந்தது. நீங்கள் வியப்படையவே இல்லை. சாதித்த பெண்கள் பலர் உள்ளூரத் தங்களைப் போலிகளாகவே நினைத்து வாழ்வதைப் பற்றி, பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-லேயே எழுதியிருக்கிறார்கள் என்றீர்கள். என் பயம் என்னைவிட வயதில் மூத்தது என்று அறிந்ததில் எனக்கு அப்படியொரு ஆறுதல்!

பிறகு அந்த எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை அப்படியே கவனிக்கப் பழகும் தியான வகுப்பு. 1979-இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், மருந்துகளால் தீராத நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சியின் வழியில் வந்தது என்று விளக்கினீர்கள். வலி போகாதவர்களுக்கே பயன்பட்டது என்றால் எனக்கும் கொஞ்சம் பயன்படட்டுமே என்று சேர்ந்தேன். முதல் நாளே ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, பார், முகர், மெதுவாகச் சுவை என்றீர்கள். எழுதவேண்டிய கட்டுரை அப்படியே கிடக்க, இங்கே திராட்சையின் சுருக்கத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேனே என்று மனத்துக்குள் உங்களைத் திட்டினேன். மன்னியுங்கள். உடலைப் பாதத்திலிருந்து தலைவரை கவனித்து வரும் பயிற்சியில் முழங்காலைத் தாண்டுவதற்குள் பல நாள் தூங்கிப்போனேன். அதற்கும்தான்.

மூன்றாம் வாரம் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தபோது பதற்றம் கூடிவிட்டது. இதுவும் நமக்கு வராது போலிருக்கிறது என்று எழுந்து போகப் பார்த்தேன். மூச்சு எல்லோருக்கும் ஒத்துவர வேண்டும் என்பதில்லை என்று சொல்லி, கண்ணைத் திறந்துகொண்டு, தரையில் பதிந்த பாதங்களை மட்டும் கவனிக்கச் சொன்னீர்கள். அந்த ஒரு மாற்றம் இல்லையென்றால் நான்காம் வாரத்துக்கு நான் வந்திருக்க மாட்டேன்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். கட்டணக் கெடு நெருங்கிய வாரத்தில், "இதற்குத் தியானம் மருந்தில்லை" என்று சொல்லி, உதவித்தொகை விண்ணப்பத்தை எடுத்து, கூடவே உட்கார்ந்து நிரப்பினீர்கள். பணமில்லாதவளிடம் மனத்தை அமைதிப்படுத்திக்கொள் என்று மட்டும் சொல்லும் அறிவுரையைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீங்கள் அப்படிச் சொல்லாததால்தான் தியானத்தைப் பற்றிச் சொன்னதையும் நம்பினேன்.

பேராசிரியர் ஐயா, "சந்தேகம் இருந்தால் என் அறைக்கு வாருங்கள்" என்று நீங்கள் ஒவ்வொரு வாரமும் சொல்வீர்கள். ஆசிரியர் அறைக்குப் போனால் திட்டு விழும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம். பெற்றோர் கல்லூரிக்குப் போயிருந்த பிள்ளைகளுக்கு இதற்கெல்லாம் விளக்கம் தேவைப்படவில்லை. ஒருநாள் உங்கள் கதவுக்கு வெளியே நின்றேன். தொண்டை இறுகியது. "கேட்டால் இவளுக்குத் தகுதியில்லை என்று தெரிந்துவிடும்" என்று ஓர் எண்ணம். முன்பெல்லாம் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். அன்று, இது ஓர் எண்ணம், இது பயம், இதோ பாதம் என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத் தட்டினேன். பயம் போகவில்லை, கூடவே உள்ளே வந்தது. நீங்கள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இவ்வளவு நாள் ஏன் வரவில்லை?" என்று மட்டும் கேட்டீர்கள்.

எங்கள் தியானக் குழுவை நடத்திய அக்கா, தேர்வு வாரத்திலும் பத்து நிமிடம் உட்காரலாம் வா என்று அழைத்ததற்கு நன்றி. அறைத்தோழியே, விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்ததற்கு, அதாவது பெரும்பாலும் பேசாமல் இருந்ததற்கு, உனக்கும்.

அப்பா, அம்மா, "சும்மா உட்காருவதற்குமா வகுப்பு?" என்று கேட்டீர்கள். நீங்கள் உழைத்துக்கொண்டிருக்க நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது எனக்கே குற்றமாகத்தான் இருந்தது. அந்த வலியையும் அந்த அறையில்தான் முதல்முறை நேராகப் பார்த்தேன். பாடம் என்னவென்று புரியாமலேயே ஒவ்வொரு வாரமும் பாடத்தைப் பற்றி விசாரித்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேரில் வந்து பேசுகிறேன்.

கடைசியாக நூலகர் ஐயா, உட்கார இடமில்லாமல் நாங்கள் அலைந்தபோது மாடியின் சிறிய அறையைத் திறந்துவிட்டீர்கள். சாவி என்னிடம்தான் இருந்தது. நேற்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட அவள் திங்கட்கிழமை உங்களிடம் வருவாள். கொஞ்சம் தயங்குவாள், நீங்களே கூப்பிட்டுவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மாணவி