நந்திக்கு ஊற்றியதைக் கழுவுங்கள்: பிரதோஷக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவன் கோயில்களின் செயல் அலுவலர்களுக்கும், அறங்காவலர்களுக்கும், பிரதோஷ வழிபாட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

மாதம் இரண்டு பிரதோஷம். வருடத்துக்கு 24 அல்லது 25. ஒவ்வொன்றிலும் நல்லெண்ணெய், மாப்பொடி, மஞ்சள், பால், தயிர், தேன், பஞ்சாமிர்தம், கரும்புச்சாறு, இளநீர், விபூதி, சந்தனம் எல்லாம் நந்தியின் மேல் இறங்குகின்றன. இதை நிறுத்தச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. ஆலகால விஷத்தை உண்ட ஈசன் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே ஆடிய வேளை இது என்று நம்பி வருகிற கூட்டத்தை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். தீபாராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அடுத்த பதினைந்து நாள் அந்தக் கல்லின் மேல் என்ன நிற்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல். கற்சிற்பங்களின் பராமரிப்பில் இருக்கும் நாங்கள் பார்க்கிற சேதத்தில் பெரும்பகுதி மழையாலும் வெயிலாலும் வந்ததில்லை. அரைகுறையாகக் கழுவி விட்டதால் வந்தது.

புறநானூற்றின் கடவுள் வாழ்த்து சிவனின் ஊர்தியை வெள்ளை ஏறு என்கிறது. இன்று எந்தக் கோயிலுக்குப் போனாலும் நந்தி கன்னங்கரேல் என்று இருக்கிறது. கருங்கல்லின் இயல்பான நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். நந்தியின் வயிற்றுக்கு அடியில், எண்ணெய் வழிந்து எட்டாத இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறமும் உப்பும் மிளகும் தூவியதுபோன்ற புள்ளிகளும் தெரியும். அதுதான் கல். பெங்களூரு பசவனகுடியில் கெம்பே கவுடா காலத்துப் பெரிய நந்திகூட முதலில் சாம்பல் நிறம்தான். கரியும் தேங்காய் எண்ணெயும் பூசிப் பூசிக் கறுத்தது. அந்த நந்தி வளர்ந்துகொண்டே போனதாகவும், தலையில் சூலம் வைத்து நிறுத்தியதாகவும் ஒரு கதை உண்டு. தஞ்சாவூர் நந்திக்கும் ஆணி அடித்து நிறுத்திய கதை சொல்வார்கள். கல் வளராது. வளர்வது மேலே படியும் எண்ணெய்ப் பிசுக்குதான்.

எண்ணெயிலிருந்தே தொடங்குகிறோம். நல்லெண்ணெய் காற்றுப் பட்டு மெல்ல இறுகும் வகை. துடைக்காமல் விட்டால் சில வாரத்தில் பிசினாகும், சில வருடத்தில் அரக்குபோல் கெட்டிப்படும். அதன்மேல் கற்பூரப் புகையும் தெருத்தூசியும் ஒட்டும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் அப்படி இறுகுவதில்லை, ஆனால் அவையும் தூசியைப் பிடிக்கும். ‘விளக்கேற்ற மட்டும்’ என்று அச்சடித்து விற்கும் கலப்பு எண்ணெயை நந்திக்கு எடுக்கவே கூடாது. மூன்றடி உயர நந்திக்கு 50 மில்லி நல்லெண்ணெய் போதும். உள்ளங்கையில் விட்டுப் பூச வேண்டும், பாட்டிலோடு கவிழ்க்கக் கூடாது.

அபிஷேக வரிசையை வகுத்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்க வேண்டும். எண்ணெய்க்கு அடுத்து பச்சரிசி மாவும் திரவியப்பொடி என்ற வாசனைப்பொடியும் ஏன் வருகின்றன? மாவு எண்ணெயை உறிஞ்சும். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு சீயக்காய் தேய்ப்பதுபோலத்தான். ஆனால் இன்று நடப்பது என்ன? ஒரு கைப்பிடி மாவை மேலே தூவிவிட்டு, தேய்க்காமல், உடனே பால் குடத்தைக் கவிழ்க்கிறோம். மாவும் எண்ணெயும் பாலும் சேர்ந்து கூழாகி, சிற்பத்தின் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கால் கிலோ மாவை எடுத்து, எண்ணெய் பட்ட இடம் முழுக்கக் கையால் தேய்த்து உதிர்த்துவிட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அடுத்த பொருள்.

ஒவ்வொரு பொருளுக்கும் இடையே ஒரு குடம் தண்ணீர் என்பது சாத்திரத்துக்காக மட்டும் இல்லை. பாலுக்கும் விபூதிக்கும் நடுவே தண்ணீர் ஊற்றாவிட்டால் வருவது பசை. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் தண்ணீருக்குக் கரையாத ஒட்டுப்பொருளாகும்; மரவேலைக்கு ஒரு காலத்தில் இந்தப் பசையைத்தான் காய்ச்சினார்கள். பசுஞ்சாண விபூதியென்றால் கொஞ்சம் பரவாயில்லை. மலிவு விபூதியில் சுண்ணக்கல் பொடியும் ஜிப்சமும் இருக்கும். அது ஈரத்தில் இறுகி, கண்ணிமையிலும் மூக்குத் துளையிலும் வெள்ளைப் பொருக்காக நிற்கும். அதைப் பிறகு ஆணியாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுரண்டுகிறார்கள். பொருக்கோடு கல்லின் தோலும் வருகிறது.

மஞ்சள் வெயிலில் மங்கிவிடும், அதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. சாயம் கலந்த குங்குமம் அப்படியில்லை. நுண்துளைக்குள் இறங்கிய செயற்கைச் சாயத்தை எடுக்கப் பாடுபட வேண்டும். பொட்டு வைக்க வேண்டுமானால் முதலில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கல்லில் நேராக வைக்காதீர்கள்.

தேன், பஞ்சாமிர்தம், கரும்புச்சாறு மூன்றும் சர்க்கரை. நந்தியின் கழுத்தில் செதுக்கிய சலங்கை மாலையை ஒருமுறை அருகில் குனிந்து பாருங்கள். இரண்டு மணிகளுக்கு நடுவே ஒரு விரல்நுனி போகாத இடுக்கு இருக்கும். அதில் வாழைப்பழ நாரும் பேரீச்சையின் தோலும் காய்ந்து, பழுப்பு நிறத்தில் அடைத்துக்கொண்டிருக்கும். மூங்கில் சீவலால் மெல்ல நெம்பினால் கட்டியாக வரும், அடியில் பூஞ்சையின் கறுப்புப் புள்ளிகள், கரப்பான் முட்டை. அந்தக் கட்டியின் கீழே ஈரம் காய்வதே இல்லை. நுண்ணுயிர்கள் சுரக்கும் அமிலம் கல்லில் உள்ள அப்பிரகம், ஃபெல்ஸ்பார் என்ற தாதுக்களை மெல்ல அரிக்கிறது. ஒரு நாள் மணியின் முகப்பு மட்டும் செதிலாகக் கழன்று கையோடு வரும். எந்தச் சிற்பியாலும் அதைத் திருப்பி வைக்க முடியாது. எனவே பஞ்சாமிர்தம் முதுகில் மட்டும், அதுவும் இரண்டு கரண்டி. கழுத்துக்கும் முகத்துக்கும் வேண்டாம். மீதத்தைப் பிரசாதமாகக் கொடுத்துவிடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

பால் விஷயம் சனிப் பிரதோஷத்தில்தான் கைமீறும். வருகிறவர் எல்லாரும் ஆளுக்கொரு பாக்கெட். அத்தனையையும் ஊற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைக் குழுவினரே உடைக்க வேண்டும். எல்லாப் பாக்கெட்டையும் ஒரு பாத்திரத்தில் சேர்த்து, அதிலிருந்து இரண்டு லிட்டர் அபிஷேகத்துக்கு, மற்றது காய்ச்சி விநியோகத்துக்கு என்று அறிவித்தால் சங்கல்பமும் கெடாது, வடிகாலும் அடைக்காது.

கடைசியில் கழுவும் முறை. அபிஷேகம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், பிசுக்கு காய்வதற்கு முன், மூன்று குடம் தண்ணீர்: தலையிலிருந்து ஒன்று, முதுகிலிருந்து ஒன்று, பீடத்துக்கு ஒன்று. பழைய பருத்தி வேட்டித் துணியால் தேய்க்கவும். இடுக்குகளுக்கு மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷும் மூங்கில் சீவலும். எண்ணெய் போகாவிட்டால் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர், அதன்பின் இன்னொரு குடம் நல்ல தண்ணீர். பிறகு காய்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். கம்பி பிரஷ், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார், பிளீச்சிங் பவுடர், கழிவறை ஆசிட் எதுவும் நந்தி மண்டபத்தின் படியேறக் கூடாது. ஆசிட் ஊற்றினால் அன்று பளிச்சென்று இருக்கும், பிறகு இரும்புச் சத்து துருவாக வெளிவந்து மஞ்சள் கறை படரும்.

தண்ணீரையும் கவனியுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவுவதே கெடுதல். காயும்போது உப்பு நுண்துளைக்குள் படிகமாகி மேற்பரப்பை உள்ளிருந்து தள்ளும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் கடையில் கிடைக்கிறது. அளவு 500-க்கு மேல் போனால் மழைநீரோ வேறு நல்ல தண்ணீரோ பிடித்து வையுங்கள்.

இதுவரை சொன்னது கருங்கல்லுக்கு. எல்லா நந்தியும் கருங்கல் இல்லை. சுசீந்திரத்திலும் ராமேஸ்வரத்திலும் உள்ள பெரிய நந்திகள் சுதையால், அதாவது சுண்ணாம்புக் காரையால் ஆனவை. சுதைக்கு எந்த அபிஷேகமும் கிடையாது; தயிரும் எலுமிச்சையும் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோன்ற சத்தம் வருகிற இடத்தில் காரை உள்ளே விட்டுப் போயிருக்கிறது என்று பொருள். காஞ்சி கைலாசநாதர் போன்ற பல்லவர் காலத்து மணற்கல் வேலைக்கும் எண்ணெயும் பாலும் ஆகாது. உங்கள் கோயிலில் என்ன கல் என்று தெரியாவிட்டால், எண்ணெய் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சிக்கொண்டால் அது ஊற்றுவதற்கான கல் இல்லை. அப்படிப்பட்ட நந்திக்கு முன்னால் சின்னதாக ஓர் உலோக நந்தியை வைத்து அதற்கு அபிஷேகம் செய்யலாம், மூல நந்திக்கு அருகம்புல் மாலையும் வில்வமும் போதும்.

பீடத்தின் மேலேயே கற்பூரம் கொளுத்துவதை உடனே நிறுத்துங்கள். கல்லில் உள்ள ஒவ்வொரு தாதுவும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும். எரிந்த இடத்தில் அடுத்த நிமிடம் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் ரூபாய் நாணய அளவுக்குச் செதில் தெறிக்கும். கற்பூரத் தட்டும் விளக்கும் நந்தியிலிருந்து மூன்றடி தள்ளி, உலோகத் தட்டில்.

கொம்புக்கு நடுவே விரல் வைத்து லிங்கத்தைப் பார்ப்பதும், காதில் வேண்டுதல் சொல்வதும் நிற்கப்போவதில்லை என்று எங்களுக்கும் தெரியும். கைவைக்காமல் பார்க்கச் சொல்லலாம். கல்நந்தியின் கொம்பு குட்டையாக இருப்பதே உடையாமல் இருக்கத்தான். அதிலும் சாய்கிற கூட்டத்தின் பாரம் ஏறினால் தாங்காது. ஒரு கயிறு கட்டி ஓர் அடி தள்ளி நிறுத்துங்கள். அதற்காகப் பீடத்தில் துளை போட்டு இரும்புக் கம்பி வேலி நடாதீர்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், பீடம் பிளக்கும். வெள்ளிக் கவசமும் அப்படித்தான்: கழற்றி மாட்டும்படி, உள்ளே பருத்தித் துணி வைத்து, விழா நாளில் மட்டும். சிமெண்ட் வைத்து நிரந்தரமாகப் பதித்த கவசத்துக்குள் கல் அழுகுவது வெளியே தெரியாது.

மாட்டுப் பொங்கலன்று தஞ்சையில் செய்வதுபோன்ற காய்கனி அலங்காரத்தால் பெரிய தீங்கு இல்லை, மறுநாளே பிரித்துவிட்டால். கட்டுவது பருத்திக் கயிறாக இருக்கட்டும், ஜிஐ இரும்புக் கம்பி கீறும்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. திருப்பணி என்று புதுத் தளம் போடும்போது பழைய தளத்தின் மேலேயே சிமெண்டும் டைல்ஸும் ஏற்றுகிறார்கள். நந்தியின் பீடம் அரையடி புதைகிறது, அபிஷேக நீர் ஓடிய வாய்க்கால் மூடுகிறது, அடிப்பாகம் எப்போதும் ஈரம். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குப் பச்சைப் பாசிக் கோடு தெரிந்தால் காரணம் இதுதான். நந்தி மையத்தில் இல்லை என்று அதை நகர்த்தப் பார்க்கிறவர்களும் உண்டு. திருப்புன்கூரில் நந்தனாருக்காக விலகிய நந்தியை யாராவது நேராக்கினால் ஊர் சும்மா இருக்குமா? உங்கள் ஊர் நந்தி விலகியிருப்பதற்கும் காரணம் இருக்கலாம்.

கும்பாபிஷேகத்துக்கு முன் மணலை வீசியடித்துச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உளியின் தடமும் பீடத்தில் உள்ள கல்வெட்டு எழுத்தும் ஒரே நாளில் போய்விடும். கரடுமுரடாகிவிட்ட தோல் முன்பைவிட வேகமாக அழுக்கை இழுக்கும். பல வருட எண்ணெய்ப் பொருக்கை எடுக்க வழி இருக்கிறது: காகிதக்கூழ் அல்லது களிமண் பற்றில் 1 முதல் 2 சதவீத அம்மோனியாவும் நடுநிலைச் சோப்பும் கலந்து, பாலித்தீனால் மூடி வைத்து, பிறகு காயவிட்டு உரிப்பது. முதலில் வயிற்றுப் பக்கம் ஓர் அங்குலத்தில் சோதித்துப் பார்ப்பார்கள். இது கற்பாதுகாப்பு வேதியியல் தெரிந்தவர்களின் வேலை, தன்னார்வலர்கள் செய்யக் கூடாது. எடுத்த பிறகு வார்னிஷோ கறுப்பு பெயிண்ட்டோ அடித்தால், உள்ளே சிக்கிய ஈரம் பெயிண்ட்டோடு தோலையும் சேர்த்து உரிக்கும்.

காதோ கொம்போ உடைந்துவிட்டால், துண்டைத் துணியில் சுற்றித் தேதி எழுதிப் பெட்டியில் வையுங்கள். கடையில் வாங்கிய பசையால் ஒட்டாதீர்கள்; பிறகு முறையாக இணைக்க வருகிற ஸ்தபதிக்கு அந்தப் பசைதான் முதல் தடை.

உபயப் பலகையில் பால், தயிர், தேன் என்று வரிசையாக எழுதி எதிரே தொகை போட்டிருக்கிறீர்கள். அதில் ‘சுத்தோதகம் (சுத்தமான தண்ணீர்), 15 குடம்’ என்றும் ‘ஒற்றும் வஸ்திரம்’ என்றும் இரண்டு வரி சேருங்கள். கேட்டால் கொடுக்க உபயதாரர்கள் இருக்கிறார்கள், இதுவரை யாரும் கேட்கவில்லை. கழுவ நிற்கும் இரண்டு பேரின் பெயரையும் அடுத்த பிரதோஷத்துக்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கற்சிற்பப் பராமரிப்பில் இருப்போர் சிலர்