2024-25 செயலாளர் அறிக்கை: நம்ம குடியிருப்பு சங்கம்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். தண்ணி லாரி, லிஃப்ட், வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் பொருளாளர் வரவு செலவுல குடுத்திருக்காங்க, நான் திரும்பச் சொல்லல. எனக்கு இந்த வருஷம் மனசுல நிக்கிறது சனிக்கிழமை சிறுவர் வகுப்புதான், அதப் பத்திதான் எழுதுறேன்.

ஜூன்ல சார்ட் ஒட்டித்தான் ஆரம்பிச்சோம். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சின்னு நாலு படம், சுத்தி அம்புக்குறி. அஞ்சு வயசுப் பசங்க ரெண்டே வாரத்துல மனப்பாடமா ஒப்பிச்சாங்க, ஆனா மொட்டைமாடி கறிவேப்பிலைச் செடில நெசப் புழுவக் காட்டுனா காக்கா எச்சம்னுட்டாங்க. அவங்க மேல தப்பில்ல, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியோட சின்னப் புழு பறவைகிட்ட இருந்து தப்பிக்க அப்படியே எச்சம் மாதிரிதான் இருக்கும், தோல் உரிச்சு உரிச்சுப் பெருசானப்புறம்தான் பச்சையாகும், அப்போ தொட்டா தலைக்குப் பின்னாடி செம்மஞ்சளா ரெண்டு கொம்பு நீட்டி ஒரு நாத்தம் விடும் பாருங்க, பசங்க மூக்கப் பொத்திக்கிட்டே இன்னொரு தடவைன்னு கெஞ்சுனாங்க.

அஞ்சு புழுவ வலை கட்டுன டப்பால வளத்தோம். தினம் புது இலை வைக்கிறது பசங்க வேலை. மூணு வண்ணத்துப்பூச்சியாச்சு, கசங்குன ரெக்கையோட வெளிய வந்து தொங்கிக் காயவச்சுப் பறந்துச்சு. ஒன்னு காஞ்சு போச்சு. இன்னொரு கூட்டுல ஓட்டை விழுந்து உள்ளருந்து குட்டிக் குட்டியா குளவிங்க வந்துச்சு, ஒரு பாப்பா அழுதுடுச்சு. இதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்கு, டப்பாவ எடுத்து மறைச்சிருக்கலாமேன்னு சில பெற்றோர் கேட்டாங்க, அவங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா மறைக்க வேணாம்னு கமிட்டில உறுதியா சொன்னது நான்தான். மறுவாரம் அதே பாப்பா, "அப்போ குளவியும் முட்டைல இருந்துதான வந்துச்சு, அதுவும் புழுவா இருந்துச்சா ஆன்ட்டி?"ன்னு கேட்டா. ஆமாண்டா, அந்தக் கூட்டுக்குள்ளதான் புழுவா இருந்துச்சுன்னேன். உடனே சார்ட்ல இருந்த வட்டத்த ஒட்டி இன்னொரு வட்டம் வரைஞ்சா.

2025 ஜனவரில நம்ம சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைங்க நூத்துக்கணக்குல செத்து ஒதுங்குனது எல்லாருக்கும் தெரியும், பசங்களும் பாத்தாங்க. வலைல மாட்டுனா மேல வந்து மூச்சு விட முடியாதுன்னு அவங்களுக்கும் நேராவே சொன்னோம். அதனாலதான் மார்ச்ல பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய் குஞ்சுங்கள விடுறதக் காட்டுனோம். ஒரு குழில சுமார் நூறு முட்டை, பொரிய 45ல இருந்து 60 நாள், மணலோட சூடுதான் ஆணா பொண்ணான்னு முடிவு பண்ணும், இது பெரியவங்க பல பேருக்கே புதுசு. யாரும் பேசல, எல்லாம் மண்டி போட்டுப் பாத்துட்டு இருந்தாங்க.

பக்கெட் தண்ணில கொசுப்புழு காட்டுன வகுப்புக்கப்புறம் வீட்டு டிரம்முக்கெல்லாம் பசங்களே மூடி போடுறாங்க.

வர்ற மழைல தலைப்பிரட்டை பாக்கணும், பிடிக்காம குட்டைல வச்சே. கூட வர ரெண்டு பெரியவங்க வேணும், பேரு குடுங்க. ரெண்டு மாசமா மாடிச் செடிக்கு மருந்து அடிக்காம விட்ட மூணாவது மாடி அக்காவுக்கு ரொம்ப நன்றி, இந்த வருஷமும் அடிக்காதீங்கக்கா, புது முட்டை வந்திருக்கு.

இப்படிக்கு,
செயலாளர்