பேரக்குழந்தைக்காகப் பெங்களூரு வந்தவர்களின் மன அழுத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் மன அழுத்தம் என்று பேச்செடுத்தாலே, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்களின் இரவுப் பணியையும் வெளிவட்டச் சாலையின் நெரிசலையும் வீட்டுக் கடன் தவணையையும் பற்றியே எழுதுகிறோம். அவை உண்மையான துன்பங்கள்தாம். அவற்றைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதே வீட்டில், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகத் திருச்சியிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்து, பத்தாவது மாடியில் பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் தாத்தா பாட்டிக்கும் மன அழுத்தம் உண்டு என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓய்வுக்குப் பின் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவள் என்ற முறையிலும், எங்கள் குடியிருப்புப் பூங்காவில் மாலைதோறும் அவர்களோடு பேசுகிறவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

மனத்தை வருத்துவது சாவு, நோய், வேலையிழப்பு போன்ற பெரிய நிகழ்வுகள் மட்டுமே என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவில் 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் வாழ்க்கை மாற்றங்கள் 43-ஐ வரிசைப்படுத்தி, வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100 புள்ளிகள் கொடுத்து மற்றவற்றை அதற்குக் கீழே வைத்தபோது, அந்தப் பொதுக் கருத்துக்கு ஓர் அளவுகோலும் கிடைத்தது. ஆனால் 1981-இல் உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸும் அவருடைய குழுவினரும் நடுத்தர வயதினர் 100 பேரை மாதக்கணக்கில் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், பெரிய நிகழ்வுகளைவிட அன்றாடச் சில்லறைத் தொல்லைகளே உளநலக் குறைகளோடு கூடுதலாகத் தொடர்புடையவையாக இருந்தன. இழவு வீட்டுக்குச் சொந்தபந்தங்கள் வருகின்றன, சமைத்துக் கொடுக்கின்றன, பதினாறு நாள் கூட இருக்கின்றன. தினமும் வருகிற சிறு எரிச்சலுக்கு யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் சுரக்கிற அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் ஆபத்து நீங்கியதும் தணிய வேண்டியவை. நாளெல்லாம் ஏதாவதொன்று உறுத்திக்கொண்டே இருந்தால் உடல் அந்த எச்சரிக்கை நிலையிலிருந்து இறங்குவதற்கே நேரம் கிடைக்காமல் போகிறது. தூக்கமும் செரிமானமும் இரத்த அழுத்தமும் கெடத் தொடங்குகின்றன.

இதில் இன்னொரு கண்டுபிடிப்பை நாம் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு உளவியலாளர்கள், நகர வாழ்க்கையின் அழுத்தங்களைப் பற்றி 1972-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பலரை உரத்த இரைச்சலுக்கு உட்படுத்திவிட்டு அதன் பிறகு சில வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். எப்போது வரும் என்று தெரியாமல் வந்த இரைச்சலைக் கேட்டவர்கள், ஒழுங்கான இடைவெளியில் வந்த இரைச்சலைக் கேட்டவர்களைவிட அதிகத் தடுமாற்றத்துக்கு உள்ளானார்கள். வேறு சிலரிடம் ஒரு பொத்தானைக் கொடுத்து, தேவைப்பட்டால் இதை அழுத்தி இரைச்சலை நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது என்றார்கள். பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை; நிறுத்த முடியும் என்ற எண்ணம் ஒன்றே அவர்களுடைய தடுமாற்றத்தைப் பெருமளவு குறைத்துவிட்டது. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் தடம் திறக்கப்பட்டபோது எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்கள் அடைந்த நிம்மதியிலும், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பது தெரிந்ததற்குப் பெரும் பங்கு உண்டு.

இப்போது நான் சொல்லும் பெரியவர்களின் ஒரு நாளைப் பாருங்கள். அந்த வீட்டில் அவர்களுடைய கையில் எந்தப் பொத்தானும் இல்லை. மகனோ மருமகளோ அலுவலகத்திலிருந்து எப்போது திரும்புவார்கள் என்பது தெரியாது. வாசல்மணி அடித்தால், வந்தவர் பேசுவது கன்னடமா ஹிந்தியா என்று புரிவதற்குள், கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணை அவர் கேட்கிறார். அந்த எண்ணோ மகனுடைய கைப்பேசிக்குப் போயிருக்கும். அடுத்த அறையில் மருமகள் காணொலிக் கூட்டத்தில் இருப்பதால் தொலைக்காட்சியின் ஒலியையும் தங்கள் குரலையும் அடக்கிக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு என்ன கொடுப்பது, எவ்வளவு நேரம் தூங்க வைப்பது, அழுதால் தூக்குவதா விடுவதா என்பதற்கெல்லாம் எழுதாத சட்டங்கள் உள்ளன. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள், இந்த வயதில் தேர்வு எழுதுகிறவர்களைப் போல அவற்றுக்கு உட்பட்டு நடக்கிறார்கள். குழந்தை விழுந்து நெற்றியில் அடிபட்டால் பொறுப்பு முழுவதும் அவர்களுடையது. வீட்டில் எந்தத் தீர்மானமும் அவர்களுடையது இல்லை. ஓய்வூதியம் ஊர் வங்கியில் விழுகிறது, இங்கே காய்கறி வாங்கவும் பிள்ளையிடம் கேட்க வேண்டியிருக்கிறது. ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. தம்பி மகள் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை, காரணம் அந்த வாரம் மருமகளுக்கு விடுப்பு இல்லை. பிள்ளைகள் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நம்பிக் குழந்தையை விடக்கூடிய காப்பகம் கட்டுப்படியாகும் செலவில் கிடைத்தால் அவர்களும் இப்படிச் செய்யமாட்டார்கள்.

இந்தப் பெரியவர்கள் மன அழுத்தம் என்று ஒருநாளும் சொல்வதில்லை. தலை கிறுகிறுக்கிறது, வாயு பிடிக்கிறது, மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்கிறார்கள். முதலில் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். இந்த வயதில் நெஞ்சு வலியையும் மூச்சிரைப்பையும் கவலைதான் என்று யாரும் வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் பரிசோதனை முடிவுகள் எல்லாம் சரியாக இருக்கும்போது, ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு செலவா என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வதைத்தான் நான் கண்டிக்கிறேன். அந்த முடிவு வந்த அன்றைக்குத்தான் அவர்களை உட்கார வைத்து, நாளில் எந்த நேரம் மிகவும் கடினமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். பள்ளிப் பேருந்து வரும் நேரம் என்பார்கள், அல்லது வேலைக்கார அம்மாவிடம் பேச மொழி தெரியாததைச் சொல்வார்கள். காரணம் இவ்வளவு சிறியதா என்று வியப்பாக இருக்கும். சிறியதாக இருப்பதால்தான் அதை மாற்றவும் முடிகிறது.

மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளிவிடுவது படபடப்பைத் தணிக்கும். மாலை நடையும் உதவும். இவற்றை எல்லாரும் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் தீர்மானிக்கும் உரிமை ஒன்றுமே இல்லாதவரிடம் மூச்சுப் பயிற்சியை மட்டும் சொல்லிக்கொடுப்பது போதாது. வாரத்தில் ஒரு முழு நாள் குழந்தையின் பொறுப்பிலிருந்து அவர்களை விடுவியுங்கள். அந்த நாள் எது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். அன்றாடம் எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள் என்பதைச் சொல்லுங்கள், தாமதமானால் ஒரு வார்த்தை தெரிவியுங்கள். கணக்குக் கேட்காத பணம் கொஞ்சம் அவர்கள் கையில் இருக்கட்டும். கைப்பேசியில் பணம் செலுத்தவும் ஆட்டோ அழைக்கவும் பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள். பெரியவர்களும் கன்னடம் கற்கத் தயங்க வேண்டாம். தமிழ் தெரிந்தவருக்கு அது தொலைவான மொழியன்று, காவலாளியிடமும் பூக்காரரிடமும் நாலு வார்த்தை பேசத் தொடங்கியதும் நகரத்தின் மீதான அச்சம் பாதி விலகுவதை நான் கண்டிருக்கிறேன். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. ஆதார் முகவரியைக் கர்நாடகத்துக்கு மாற்றிக்கொண்ட பெண்கள், 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தின்கீழ் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகலாம். யாரையும் கேட்காமல் வெளியே கிளம்பிப் போய்த் திரும்ப முடிகிறது என்பது ஒரு பாட்டிக்கு மருந்தைவிட அதிகம் செய்யக்கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, ஓயாத அழுகை, தூக்கமின்மை, இருந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவை தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சை தேவைப்படும், சிகிச்சையால் குணமும் ஆகும். நமது ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையைத் தலைமை மையமாகக் கொண்டு 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்ற தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இருபது மொழிகளில் நடக்கும் அந்தச் சேவையில் தமிழும் உண்டு. மொழி தெரியாத ஊரில் மனத்தில் இருப்பதை யாரிடம் சொல்வது என்று தவிக்கிற பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு! ஆனால் பூங்காவில் நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் இந்த எண் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் விடாமல் படிப்பது தமிழ் நாளிதழ் ஒன்றைத்தான். ஆகவே, தங்கள் பெங்களூரு பதிப்பில், இன்றைய நிகழ்ச்சிகள் பகுதிக்கு அருகிலேயே, இந்த எண்ணையும் தமிழில் பேசலாம் என்ற குறிப்பையும் பெரிய எழுத்தில் நாள்தோறும் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு.