வால்பாறை போய் வந்தோம், செல்வி

அன்புள்ள செல்விக்கு,

முட்டி வலி குறைந்து நீ மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. இங்கே வால்பாறை போய்விட்டு வந்து பிள்ளைகளின் அறிக்கைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். போன கடிதத்தில் கேட்டிருந்தாயே, இவ்வளவு செலவு பண்ணி, அட்டைக்கடி வாங்கி, பெண் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறாய், எல்லாம்தான் யூடியூபில் கிடைக்கிறதே என்று, அதற்குத்தான் இந்த நீளமான பதில். உன் மகளையும் படிக்கச் சொல், பிளஸ் டூ முடித்து எதில் சேர்வது என்று அவள் யோசிக்கிற நேரம் இது.

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறுவது உனக்கும் நினைவிருக்கும். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினோம், சாலைச் சுவர் ஓரமாகவே வரையாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அப்புறம் மேலே போனதும் தேயிலை, எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. பிள்ளைகள் ஜன்னலில் தலையை நீட்டி ‘எவ்வளவு பச்சை மேடம்’ என்றார்கள். 1890களில் தோட்டம் போட ஆரம்பிக்கும் வரை இந்தப் பீடபூமி முழுக்க மழைக்காடு என்று சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சுமார் 220 சதுர கிலோமீட்டரில் தேயிலையும் காப்பியும் நடுநடுவே சின்னதும் பெரியதுமாகத் துண்டு துண்டாக மிஞ்சிய சோலைகளும், சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், இதுதான் எங்கள் வகுப்பறை.

முதல் நாள் காப்பகத்தில் வனத்துறை அனுமதி கொடுத்த ஓரப் பகுதி. மழை விட்ட இடைவெளி, அட்டைக்குக் கேட்கவே வேண்டாம். எல்லாரும் காலுறைக்கு மேலே மூக்குப்பொடியும் வேப்பெண்ணெயும் தேய்த்துக்கொண்டு இறங்கினோம். உள்ளே போனதும் எல்லாருக்கும் கழுத்து மேலே போய்விடும், பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை வருமா, சிங்கவால் குரங்கு என்கிற சோலைமந்தி தெரியுமா என்று. நான் தரையைப் பார்க்கச் சொன்னேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சணல் கயிற்றில் சதுரம் கட்டி, அதற்குள் இருக்கிற ஒவ்வொரு கன்றையும் எண்ணுங்கள், பெயர் தெரியாவிட்டால் இலையை வரைந்து எண் போடுங்கள், அவ்வளவுதான் வேலை.

முதலில் முகம் சுளித்தார்கள். அரை மணி நேரத்தில் நிலைமை மாறிவிட்டது. ஒருத்தி சருகை விரலால் மெல்ல விலக்கினாள். மேலே அன்று விழுந்த இலை, அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அதற்கும் கீழே இலைகளை ஒன்றோடொன்று தைத்துவைத்த மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை இழைகள், பிறகு ஒரு விரல்கூட ஆழமில்லாத கறுப்பு மண், உடனே சிவப்பு மண் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய மரங்களுக்கு இவ்வளவுதான் மண்ணா என்று கேட்டாள். காட்டின் சத்தில் நிறையவே உயிரோடு இருக்கிற மரத்திலும் செடியிலும் இருக்கிறது, விழுந்ததை அழுகிய வேகத்திலேயே வேர் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று நான் எத்தனை தடவை கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன், ஒருத்தியும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. விரலில் மண் ஒட்டியபிறகுதான் கேட்கிறார்கள்.

அந்தச் சதுரங்களில் கன்றுகள் நெருக்கமாக நின்றன. வெடிப்பலா, குங்கிலியம், காட்டு ஜாதிக்காய், இன்னும் பெயர் தெரியாதவை. அந்த ஊர்க் காடர் பழங்குடி அண்ணன் ஒருவர் எங்களோடு வந்தார், வழிகாட்ட. இலையைத் தொட்டுப் பார்த்தே பெயர் சொன்னார், சந்தேகம் வந்தால் கசக்கி மோந்து பார்ப்பார். கருங்குங்கிலிய மரத்தில் பிசின் எப்படி எடுப்பார்கள் என்று அவர் சொன்னதைப் பிள்ளைகள் பாடத்தைவிட ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். அவருக்கு நாங்கள் கௌரவ ஊதியம் கொடுத்தோம், அறிக்கையில் எழுதியவர்கள் பட்டியலிலும் அவரைச் சேர்க்க வேண்டும் என்று துறையில் சொல்லியிருக்கிறேன். அது நடந்தே ஆக வேண்டும்.

மூன்றடி உயரத்தில் நின்ற ஒரு கன்றைக் காட்டி இதற்கு என்ன வயசிருக்கும் என்று கேட்டேன், எல்லாரும் ஆறு மாசம், ஒரு வருஷம் என்றார்கள். மேலே விழுகிற வெயிலில் 2 சதவீதம்கூடத் தரைக்கு வருவதில்லை. கன்று கிடைத்த வெளிச்சத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஏதாவது பெரிய மரம் சாய்ந்து வானம் திறக்கிற வரைக்கும் வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும். வயசு தெரியாமல் அதை மிதித்துக்கொண்டு போகிறவர்கள்தான் நாம் எல்லாரும்.

மறுநாள் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு துண்டுச் சோலை. இங்கேதான் செல்வி, நான் சொல்ல நினைக்கிற விஷயமே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நேற்றுப் பார்த்த காடுதான். அதே உயரம், அதே பலகை வேர். சுற்றளவை வேருக்கு மேலேதான் அளக்க முடியும் என்று ஏணி கேட்கிற அளவுக்குப் பெரிய மரங்கள். ஆனால் கயிற்றுச் சதுரத்தைத் தரையில் விரித்ததும் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக ஒரே பெயரை எழுத ஆரம்பித்தார்கள். காப்பி, காப்பி, காப்பி. ஓரங்களில் உண்ணிச்செடி என்கிற வெளிநாட்டுக் களை. மேலே நிற்கிற மரங்களின் பிள்ளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். தலைக்கு மேலே இருப்பது நூறு வருஷத்துக்கு முந்தைய காடு, காலடியில் இருப்பது இனி வரப்போகிறது. இந்தப் பெரிய மரம் சாய்ந்தால் அந்த இடத்தில் யார் எழுந்திருப்பார்கள் என்று கேட்டபோது ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

காப்பி எப்படி உள்ளே வந்தது என்பதற்கு விடை பத்தடி தூரத்தில் விழுந்துகிடந்த ஒரு மரத்தின் மேலேயே இருந்தது. பழுப்பு மரநாயின் எச்சம், குச்சியால் பிரித்துப் பார்த்தால் கூந்தற்பனைக் கொட்டையும் முழுசு முழுசாகக் காப்பிக் கொட்டையும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருக்கிற விலங்கு அது, ராத்திரி முழுக்கப் பழம் தின்று விதை பரப்பிக் காட்டை வளர்க்கிறது. அதுவேதான் பக்கத்துத் தோட்டத்து ரொபஸ்டா காப்பிப் பழத்தையும் தின்றுவிட்டுக் காட்டுக்குள் போட்டுவிட்டு வருகிறது. அதன் மேல் தப்பே கிடையாது, பழம் எங்கே பழுக்கிறதோ அங்கே போகிறது. காட்டைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு துண்டின் வாசலிலும் காப்பியை நட்டது நாம்.

பெரிய விதைகளுக்கு மரநாய் மட்டும் போதாது, இருவாச்சி வேண்டும். அன்று சாயங்காலம் ஒரு ஜோடி எங்கள் தலைக்கு மேலேயே பள்ளத்தாக்கைத் தாண்டிப் போனது, இறக்கைச் சத்தத்தைக் கேட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தோம். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் ஒரு சின்னப் பிளவு வழியாக அத்திப்பழத்தை ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து எடுத்து ஊட்டும் கதையைச் சொன்னேன். மூன்று நான்கு மாசம் அந்தப் பெண் பறவைக்கு வெளியுலகமே அந்தப் பிளவுதான். பொந்து வைக்கிற அளவுக்குப் பருத்த மரமில்லையென்றால் இருவாச்சி இல்லை, இருவாச்சி இல்லையென்றால் குங்கிலிய விதையைத் தூக்கிக்கொண்டு போக ஆள் குறைந்துபோகும்.

சோலைமந்திகளைப் பார்க்கக் காட்டுக்குள் போகவே வேண்டியிருக்கவில்லை, புதுத்தோட்டம் பக்கம் சாலையிலேயே உட்கார்ந்திருந்தன. அடர்ந்த காட்டில் இவை தரைக்கு இறங்குவதே அரிது. இங்கே கிளைக்குக் கிளை தாவ வழியில்லாமல் ரோட்டைக் கடக்கின்றன, வண்டியில் அடிபடுகின்றன. பழைய தீயணைப்புக் குழாய்களை மரத்துக்கு மரம் பாலமாகக் கட்டிவிட்டிருக்கிறார்கள், ஒரு தாய் குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு அதில் நடந்து போனதைப் பார்த்தோம். அதற்குப் பத்தடி கீழே ஒரு காரிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுகிறார்கள். எங்கள் பிள்ளைகளே போய்ப் பேசி நிறுத்தினார்கள். நான் சொல்லி அனுப்பவில்லை.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்கிற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்காரர்கள் 2000த்தை ஒட்டிய வருஷங்களிலிருந்தே இங்கே சிதைந்த சோலைகளில் மண்ணின் மரங்களையே நட்டு மீட்கிற வேலையைச் செய்கிறார்கள். அங்கே ஆராய்ச்சி செய்கிற திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் இரண்டு பேரும் எழுதியதை நம் நாளிலேயே யாராவது கையில் கொடுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம். நாற்றுக்கு விதையைச் சாலையோரத்தில் விழுந்து வீணாகப்போகிற இடங்களில் பொறுக்குகிறார்கள். மழைக்காட்டு விதைகள் பலவும் காய்ந்தால் செத்துப்போகும், நெல் மாதிரி எடுத்துவைத்து அடுத்த வருஷம் போட முடியாது, பொறுக்கிய சூட்டில் மண்ணுக்குப் போய்விட வேண்டும். நட்டால் மட்டும் போதாது, உண்ணிச்செடியும் கொடியும் மூடிவிடாமல் வருஷக்கணக்கில் களை எடுக்க வேண்டும். இத்தனை பாடுபட்டும் பழைய காட்டில் ஒரு பகுதிதான் திரும்பி வரும், அதனால்தான் இருப்பதை வெட்டாமல் காப்பது எல்லாவற்றுக்கும் முந்தின வேலை.

யூடியூபில் இருவாச்சி நன்றாகவே தெரியும், எங்களுக்குத் தெரிந்ததைவிடத் தெளிவாக. ஆனால் கேமரா ஒருபோதும் காப்பிக் கன்றை எண்ணிக் காட்டாது. அழகான ஒரு காடு பிள்ளை இல்லாமல் நிற்கிறது என்பதைக் குனிந்து உட்கார்ந்து எண்ணியவளுக்குத்தான் தெரியும். அடுத்த வருஷமும் அதே சதுரங்களுக்குப் போய் எண்ணப்போகிறோம், மூலைக்கு மூலை குச்சி நட்டு அடையாளம் வைத்திருக்கிறோம்.

உன் மகள் தாவரவியலோ விலங்கியலோ எடுக்கட்டும், கணினியே எடுக்கட்டும், அது அவள் இஷ்டம். ஆனால் அடுத்த தடவை எங்களோடு அனுப்பு. வனத்துறைக்கு முன்கூட்டியே பெயர்ப்பட்டியல் கொடுக்க வேண்டும், ஆதார் நகல் கேட்பார்கள், அதை ஆடிக்குள் எனக்கு அனுப்பிவிடு. முழங்கால் வரை வருகிற தடித்த பருத்திக் காலுறை இரண்டு ஜோடி, வாசனை போடாத சோப்பு, பென்சில். பேனா அந்த ஈரத்தில் எழுதாது.

அத்தான் கிட்டே கேட்டதாகச் சொல். உடனே எழுது.

அன்புடன்
கமலா