அடுத்த கூட்டத்தில் வீட்டைப் பற்றியும் பேசுவோம்

நீலகிரியின் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் நான்கில் மூன்று பங்கு எங்களைப் போன்ற பெற்றோர்கள்தான். சுற்றுச்சுவர், கழிப்பறை, சத்துணவு என்று பேசுகிறோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பிள்ளை வீட்டில் எப்படி வளர்கிறது என்று எங்கள் பள்ளியில் ஒருநாளும் பேசியதில்லை.

குன்னூர்ப் பக்கம் எங்கள் லைனுக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு, ஜார்க்கண்டிலிருந்து ஒரு குடும்பம் கொழுந்து பறிக்க வந்தது. அவர்கள் பையன் தமிழ் பேசத் தடுமாறுவதை என் மகள் அப்படியே பேசிக்காட்டிச் சிரித்தாள். திட்டினேன். 'ஸாரி' சொல்ல வைத்தேன். மறுநாளும் அதேதான்.

அன்று ராத்திரி என் அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் அம்மாவும் ஒருவர். பதினாலு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, இந்த மலைக்கு வந்தவர். பேசுவது தமிழ்தான், ஆனாலும் 'சிலோன்காரி' என்று தண்ணீர்க் குழாயடியில் ஒதுக்கினார்களாம். குடத்தோடு கடைசி ஆளாக நிற்பாராம்.

"அம்மாயி, அப்ப உன்கூட யாருமே பேசலையா?"

"ஒருத்தி பேசினா. அவ பேரு இன்னும் மறக்கல."

நான் புத்தி ஏதும் சொல்லவில்லை. "அந்தப் பையனுக்கு எது கஷ்டமா இருக்கும்னு நினைக்கிற?" என்று மட்டும் கேட்டேன். பஸ் பலகை படிக்கத் தெரியாது என்றாள். அப்புறம் அவளே பிஸ்கட் அட்டையில் ஊர்ப் பெயர்களைப் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். அவன் அதைப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஏறுகிறான்.

2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்றரை வயதுக் குழந்தைகள்கூட ஒருவர் தவறவிட்ட பொருளை யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்கள். உதவும் மனசு பிள்ளைகளிடம் இருக்கிறது. தீர்ப்பை நாமே சொல்லிவிடுவதால் அவர்களுக்கு யோசிக்க வேலையில்லாமல் போகிறது. மழைக்கு ஒரே குடை என்று அண்ணனும் தங்கையும் சண்டை போட்டால், "நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்று இப்போது காத்திருக்கிறேன். காலை ஏழு மணி அவசரத்தில் அது லேசான காரியம் இல்லை.

அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். லைன் பாட்டிகளைப் பேசச் சொல்லுங்கள். ஜார்க்கண்ட் அம்மாக்களையும் கூப்பிடுங்கள். இந்தி தெரிந்தவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வேலை நாளில் வந்தால் எங்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

இப்படிக்கு,
குன்னூர்ப் பக்கத்துத் தோட்டத் தாய் ஒருத்தி